மெற்றில்டா இருக்கும் இடம்

சாவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, கண்ணைத் திறவாமலே மெற்றில்டா கேட்டாள்: "இஞ்சேருங்க, நான் போற இடத்துக்கு நீங்களும் வருவீங்கதானே?"

கணவன் உதயரூபன் ஈரத்துணியால் அவள் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தான். "வராம வேற எங்க போற நான்?" என்றான். பட்டணத்துக்கு பஸ் ஏறுகிறவளுக்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னான். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. வயிற்றில் வந்த புற்று அவளை ஒரு வருடத்துக்கு மேலாக அரித்துத் தின்றிருந்தது. ஆவணியில் அவள் போய்விட்டாள்.

மெற்றில்டா கத்தோலிக்கப் பெண். உதயரூபன் வவுணதீவுப் பக்கம் வயல் செய்கிற சைவக்காரன். ஞாயிறு தவறாமல் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பாலம் கடந்து மாதா கோயிலில் இறக்கிவிடுவான். பூசை முடியும்வரை கேற்றுக்கு வெளியே வேப்பமரத்தின் கீழ் நிற்பான். உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வாங்க என்று அவளும் கேட்டதில்லை. பிள்ளையார் கோயில் பொங்கலுக்கு அரிசி களைந்து கொடுப்பவளும் அவள்தான். இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, சாமியின் பேரில் ஒரு சண்டை வந்ததில்லை. செத்த பிறகு ஆளுக்கொரு பக்கமாய்ப் போவோமா, ஒரே இடத்துக்குப் போவோமா என்பதை மட்டும் அவர்கள் பேசிப் பார்க்கவேயில்லை.

இப்போது அந்த ஒரு கேள்விதான் அவனைத் தின்றது. வாக்குக் கொடுத்தாயிற்று. அவள் அதை நம்பிக்கொண்டு போய்விட்டாள். அந்த இடத்துக்கு அவனை விடுவார்களா?

மாதா கோயிலின் பின்பக்கம் ஒரு சின்ன வாசிகசாலை இருந்தது. ஜெசிந்தா என்ற நடுவயதுப் பெண் அதைப் பார்த்துக்கொண்டாள். அவளிடம் போய் நின்றான்.

"புள்ள, செத்தாப் பிறகு என்ன நடக்கிற எண்டு உங்கட ஆக்கள் எழுதின புத்தகம் இருக்கா?"

ஜெசிந்தா சிரிக்கவில்லை. மெற்றில்டாவை அவளுக்குத் தெரியும். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தாள். "எப்ப முடியுதோ அப்ப கொண்டாங்க, அண்ணன்."

விதைப்பு முடிந்து மழை தொடங்கியிருந்த நேரம். வயல் வட்டைக்குப் போனால் வரம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாடிக் குடிசைக்குள் குந்தியிருப்பதுதான் வேலை. அங்கே தகரத்தில் மழை அடிக்க அடிக்க, எழுத்துக் கூட்டுகிறவன்போல விரலை வைத்து வாசித்தான். மோட்சத்துக்கு ஒரு வாசல் உண்டு என்றும், ஞானஸ்நானம் பெறாதவன் அந்த வாசலுக்கு வெளியே நிற்பான் என்றும் அந்தப் புத்தகம் சொன்னது. வெளியே நிற்பது உதயரூபனுக்குப் பழக்கம்தான். ஆனால் வேப்பமரத்தடியில் நின்றபோது, பூசை முடிந்ததும் அவள் முக்காட்டை மடித்துக்கொண்டு வெளியே வருவாள். இந்தப் புத்தகத்தில் உள்ளே போனவர் யாரும் வெளியே வருவதாக எழுதியிருக்கவில்லை.

இரண்டாவது புத்தகத்தை அவனால் முடிக்கவே முடியவில்லை. பாதியில் மூடி, சட்டைக்குள் செருகிக்கொண்டு, மழையோடு மழையாக வாசிகசாலைக்கு வந்தான்.

"இதென்ன புள்ள எழுதி வச்சிருக்காங்க? உத்தரிக்கிற ஸ்தலமாம். நல்லவங்களும் அங்க கிடந்து உத்தரிச்சுத்தான் மோட்சம் போகோணுமாம்."

"ஓம் அண்ணன், அது வந்து..."

"இஞ்ச உத்தரிச்சது காணாதா? தண்ணி இறங்காம, படுக்க ஏலாம, அவள் உத்தரிச்சதை நான் கண்ணால பாத்தன். மறுகா அங்கயும் போய் உத்தரிக்கிறாளா?"

ஈரத்தலையிலிருந்து நீர் மேசையில் சொட்டியது. ஜெசிந்தா புத்தகத்தை மெல்ல வாங்கித் தன் சேலைத்தலைப்பால் துடைத்தாள்.

"அது நம்மட உத்தரிப்பில்ல அண்ணன். சுத்தமாகிற எண்டு நினையுங்க. புதுப் புத்தகங்களில 'தூய்மை பெறும் நிலை' எண்டுதான் போடுறாங்க."

"சொல்லை மாத்தினா நோவு குறையுமா?"

ஜெசிந்தா புத்தகத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவன் குடித்தான். போகும்போது அவளே மூன்றாவது புத்தகம் ஒன்றைக் கையில் வைத்தாள். "இது மோட்சத்தைப் பத்தி மட்டும்தான். பயமுறுத்தாது. இப்பிடியே போனா அடுத்த வருஷம் பாதருக்குப் பதிலா நீங்கதான் பிரசங்கம் வைக்கோணும்."

உதயரூபனுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது.

அந்தக் கிழமை மகள் நிருஷா லீவில் வந்தாள். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை அவளுக்கு. தாயின் மதத்தில் வளர்ந்தவள். தலையணைக்குப் பக்கத்தில் அட்டை நிறைய மேகமும் வெளிச்சமுமாகக் கிடந்த புத்தகத்தைக் கண்டாள்.

"அம்மா இருக்கக்குள்ள கோயில் படி ஏறாத ஆள், இப்ப குருவானவருக்குப் படிக்கிறீங்களோ?"

"சும்மா பாத்தன் மகள்."

"சும்மா பாக்கிற ஆளா நீங்க?" அவள் கிட்ட வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "அப்பா, மாறப் போறீங்களா?"

"மாறினா அவளிட்டப் போகலாமெண்டா மாறுவன்."

"அதுக்காக மாறினா அம்மாவுக்கே பிடிக்காது. மனசில இல்லாததை வாயால சொல்லுறது அவக்கு ஆகாது எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் மெற்றில்டா ஒருநாளும் அவனைக் கேட்கவில்லை. உதயரூபன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மேகப்படம் போட்ட புத்தகம் பயமுறுத்தவில்லை. அது சொன்னதெல்லாம் அழகாகவே இருந்தது. அங்கே பசி இல்லை, கண்ணீர் இல்லை, நோய் இல்லை. ஓரிடத்தில் மட்டும் அவன் விரல் நின்றுவிட்டது. அங்கே கணவன் மனைவி என்ற உறவும் இல்லை. எல்லோரும் கடவுளின் தூதர்களைப்போல் இருப்பார்கள் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. வாடியின் வாசலால் சாரல் அடித்து அந்தப் பக்கம் நனைந்தது. அவன் மூடவில்லை.

மறுநாள் புத்தகத்தைக் கொண்டுபோய் வாசிகசாலை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பினான். கோபமாய் வந்தவனைத் தேத்தண்ணி கொடுத்து ஆற்றியவளுக்கு இந்த மௌனம் பயமாக இருந்தது.

"அண்ணன், என்ன?"

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எப்பிடியோ நான் அங்க போய்ச் சேந்தனெண்டு வை. அங்க அவள் எனக்கு ஆர், புள்ள?"

ஜெசிந்தா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எனக்குத் தெரியா அண்ணன்," என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "இதெல்லாம் எழுதினவங்களும் போய்ப் பாத்திட்டு வந்து எழுதல்லயே."

வெளியே சேமக்காலைப் பக்கம் ஆட்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்களை நினைக்கிற கார்த்திகை மாதம். அவர்களைப் பார்த்துக்கொண்டே உதயரூபன் கேட்டான்:

"இவங்க செய்யிறதெல்லாம் அங்க உள்ளவங்களுக்குப் போய்ச் சேருமா?"

"சேருமெண்டுதான் நம்புறம்."

"ஞானஸ்நானம் எடுக்காத ஆள் செய்தா?"

ஜெசிந்தா அவன் பாதியில் மூடிய புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, அவனைப் போலவே விரல் வைத்துத் தேடினாள். "உயிரோட உள்ளவங்க செய்யிற செபமும், ஏழை நோயாளிகளுக்கு இரங்கிறதும் செத்தவங்கட வேதனையக் குறைக்கும் எண்டு கிடக்கு. ஆர் செய்தா எண்டு போடல்ல."

"போட மறந்திட்டாங்களோ?"

"மறந்திருந்தா நல்லதுக்குத்தான் மறந்திருக்காங்க."

அந்த வெள்ளிக்கிழமை உதயரூபன் தன் வயல் அரிசியில் கஞ்சி காய்ச்சினான். மெற்றில்டாவுக்குக் கடைசியில் இறங்கியது அதுதான்: குழைய விட்டு, துணியில் வடித்து, உப்புக்கல் ஒன்று போட்ட கஞ்சி. அதைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனான். அவள் போன பிறகு அந்தத் தெருவால் போவதையே தவிர்த்து வந்தவன். இரங்குவதற்கு வேறு இடம் அவனுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் பார்வையாளர் நேரம். வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"ஆரப் பாக்க?"

"மெற்றில்டா."

நினைத்துச் சொல்லவில்லை; வாய் தானாகச் சொல்லிவிட்டது. காவலாளி அவன் கையிலிருந்த போத்தலைப் பார்த்துவிட்டு, "போங்க, போங்க," என்று வழி விட்டான்.

பெண்கள் வார்ட்டில் மெற்றில்டா கிடந்த கட்டிலில் ஒரு சின்னப் பெண் தலை சீவிக்கொண்டிருந்தாள். உதயரூபன் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தான். ஜன்னலோரக் கட்டிலில் வற்றிப்போன ஒரு முஸ்லிம் பெண், முக்காடு நழுவக் கண் மூடிக் கிடந்தாள். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் கதவையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரே கூப்பிட்டார்.

"அண்ணன், ஒரு உதவி. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாச்சு. மகள் ஏறாவூரில இருந்து பஸ் ஏறிட்டா, இன்னும் வந்து சேரல்ல. இவவ ஒருக்காப் பாத்துக்கொள்ளுவீங்களா? றஸீனா எண்டு பேர். நான் முனாப்."

"போயிட்டு வாங்க. நான் நிக்கிறன்."

"ஒண்டும் இறங்குதில்ல அவக்கு. கேட்டா மட்டும் வாய நனைச்சு விடுங்க."

முனாப் போனார். உதயரூபன் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான். சிறிது நேரத்தில் றஸீனாவின் உதடு அசைந்தது. போத்தல் மூடியில் கஞ்சித் தெளிவை ஊற்றி, ஊதி ஆற்றி, கரண்டி நுனியால் ஒரு சொட்டு விட்டான். தொண்டை மெல்ல அசைந்து இறங்கியது. இன்னொரு சொட்டு. எவ்வளவு விடவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்பதை அவன் கை மறந்திருக்கவில்லை.

"இஞ்சேருங்க," என்றாள் அவள், கண் திறவாமல். "போயிட்டீங்களா?"

உதயரூபன் கதவைப் பார்த்தான். முனாப் இல்லை.

"இல்ல," என்றான். "இரிக்கன்."

"என்ன விட்டுட்டுப் போகாதீங்க."

"போகல்ல. இஞ்சதான் இரிக்கன்."

அவள் முகம் தளர்ந்து, மூச்சு சீரானது. உதயரூபன் கஞ்சி சிந்தாமல் மூடியை மேசையில் வைத்தான். அதன் பிறகு, ஆவணியில் சாவு வீடு நிறையச் சனம் இருந்ததால் அழாமல் விட்ட அழுகை வந்தது. சத்தம் வராமல் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு அழுதான்.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பிய முனாப் அவன் நின்ற கோலத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன அண்ணன்? முடிஞ்சுதா?"

"இல்ல, இல்ல. நித்திர. கஞ்சி ரெண்டு மூண்டு கரண்டி இறங்கிச்சு."

"இறங்கிச்சா?" முனாப் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு நாளா ஒண்டுமே இறங்கல்ல." பிறகுதான் அவன் கண்ணைப் பார்த்தார். "உங்கட ஆள் எந்தக் கட்டிலில?"

உதயரூபன் வார்ட்டைச் சுற்றிப் பார்த்தான்.

"இஞ்ச இல்ல," என்றான்.

முனாப் அங்கே இருந்த ஒரே ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, தான் கட்டில் காலடியில் நின்றுகொண்டார். உதயரூபன் உட்கார்ந்தான். போத்தலில் மிச்சமிருந்த கஞ்சி இன்னும் சூடாகவே இருந்தது. "காலையில இருந்து நீங்களும் தின்னல்ல போல," என்று அதை மூடியில் ஊற்றி நீட்டினான்.