கையின் மேல் உட்கார்ந்த பயிற்சியாளர்

பென்ரோஸ் கல்லூரியின் சமையற்கட்டு என் ஆட்சியில் இருந்த காலத்தில், லிண்ட்வாலைப் போல் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் வேறு யாரும் இல்லை. பயிற்சியாளராக வந்த முதல் வாரமே என் டோனட்டை நிறுத்திவிட்டார். ஆட்டக்காரப் பிள்ளைகளுக்கு இனிப்பு கூடாதாம். அரைவேக்காட்டு மாட்டிறைச்சியும் காய்ந்த ரொட்டியும் போதுமாம். பன்றிக்கொழுப்பில் பொரித்து, பட்டைப்பொடியும் சர்க்கரையும் புரட்டி நான் எடுக்கும் டோனட்டுக்காகவே இந்தக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் வாடினார்கள். நான் கொதித்தேன்.

அந்த மனிதர் கிழக்கே பெரிய ஓட்டக்காரராக இருந்தவர். தொடைநரம்பு அறுந்து ஓட்டம் போனதும் பயிற்சியாளர் ஆனார். வசந்தத்தில் ஓட்டம், இலையுதிர்காலத்தில் கால்பந்து, இரண்டுக்கும் ஒரே சம்பளம். அவர் ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் அழகை என் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். பிள்ளைகள் குனிந்து விரல்களைத் தரையில் ஊன்றி நிற்பார்கள். இவர் கால் பக்கம் திரும்பவே மாட்டார். விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு நடப்பார். போதாததற்கு ஒருவன் விரலை இன்னொருவனைப் பார்க்கச் சொல்லுவார். எனக்குப் புரிந்துவிட்டது. விரலில் சர்க்கரை ஒட்டியிருக்கிறதா என்று சோதனை! தின்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்கத் தோழனையே ஒற்றனாக்குகிறாரே, இவரெல்லாம் ஒரு மனிதரா என்று கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவேன்.

ஆனால் அந்த ஆண்டு எங்கள் பிள்ளைகள் ஜெயித்தார்கள். அதில்தான் வம்பு பிறந்தது. எங்கள் ஊர்க் கால்பந்தில் கால் படுவது பந்தைவிட அடுத்தவன் விலாவில்தான் அதிகம். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால் இரண்டு அணியும் எதிரெதிரே குனிந்து, கையைத் தரையில் ஊன்றி நிற்கும். பந்தை அணைத்துக்கொண்டு எதிராளி எந்தப் பக்கம் பாய்வான் என்பதுதான் எல்லாம். அது எங்கள் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. எப்படி? ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது, கை காட்டக் கூடாது. அன்றைய சட்டம் அது. லிண்ட்வால் திருட்டுத்தனமாகச் சைகை காட்டுகிறார் என்று டார்லோ கல்லூரியின் பயிற்சியாளர் கில்டே புகார் கொடுத்தார்.

எங்கள் முதல்வர் பாம்ஃப்ரெட் ஒரு போதகர். கால்பந்தே சாத்தானின் வேலை என்பது அவர் கட்சி. புகார் உண்மையென்றால் லிண்ட்வால் அன்றே மூட்டை கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். இதே புகாரில் முன்பே இரண்டு கல்லூரிகள் அவரை வெளியே தள்ளியிருந்தன. மூன்றாவதும் தள்ளினால் நாலாவது யார் கூப்பிடுவார்கள்? மனைவி வேறு நிறைமாதம்.

டார்லோவுடன் கடைசி ஆட்டத்தில் அவர் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக் கண்காணிப்பது என்று முடிவாயிற்று. யாரை உட்காரவைப்பது? கில்டே என் பெயரைச் சொன்னார். டோனட் விவகாரம் டார்லோ வரை போயிருக்கிறது! பூனைக்கு எலி மேல் இருக்கும் பாசம்தான் எனக்கு அவர் மேல் என்பது ஊருக்கே தெரியும். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

நவம்பர்க் குளிர். பெஞ்சில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"கையை எங்க வச்சுக்கப்போறீங்க தம்பி?"

"நீங்களே சொல்லுங்க ஹெட்டி அம்மா."

"அடியில வச்சு அது மேல உக்காருங்க."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். தொப்பியையும் நானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டம் தொடங்கியது. அவர் இமைப்பதைக்கூட நான் எண்ணாத குறைதான். இருமவில்லை, தலை ஆட்டவில்லை. அப்படியும் டார்லோக்காரன் பாய்கிற பக்கமெல்லாம் எங்கள் ஆட்டக்காரப் பையன் ஆரின் முன்னமே போய் நின்றான். கூட்டம் கத்தியது. எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. சைகையே இல்லை, பிறகு எப்படித் தெரிகிறது?

திருடனையே பார்த்துக்கொண்டிருந்தால் திருட்டு தெரியாது என்று தோன்றியது. கண்ணைத் திடல் பக்கம் திருப்பினேன். ஊசியில் நூல் கோர்க்க முடியாதே தவிர, தூரப் பார்வையில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. ஆரின் எங்கள் பெஞ்சைத் திரும்பியே பார்க்கவில்லை. எதிரே குனிந்து நின்ற டார்லோத் தடியனின் முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். தரையில் ஊன்றிய விரல்களைப் பார்த்தான்.

குளிரில் எல்லார் கையும் சிவந்து கிடந்தது. அந்தத் தடியனின் விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. மாவை அழுத்திப் பிசையும்போது என் விரல் வெளுக்குமே, அப்படி. உடம்பின் பாரம் முழுவதும் முன்னால் இருக்கிறது. அடுத்த நொடி நேராகப் பாய்ந்தான். மறுமுறை விரல் சிவப்பாகவே இருந்தது. பின்வாங்கி மறுபக்கம் ஓடினான். மூன்றாவது முறை ஆரினுக்கு முன்பே நான் கண்டுபிடித்தேன்!

"அட பாவி! அப்ப நீங்க விரல்ல தேடினது சர்க்கரை இல்லையா!" என்றேன்.

லிண்ட்வால் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

இதைச் சொல்லித் தப்பித்திருக்கலாமே என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது. பதிலும் உடனே தெரிந்தது. சொன்னால் அடுத்த வாரமே நாடு முழுக்க எல்லாரும் விரலை மடக்கிக்கொள்வார்கள். ஓட முடியாத மனிதருக்கு மிஞ்சியிருந்த சொத்து அது ஒன்றுதான். என் வெறுப்பெல்லாம் எங்கே போயிற்றோ, அந்த மனிதருக்காக நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆட்டத்தின் கடைசிப் பாய்ச்சல் எங்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே. ஒரு புள்ளி நாங்கள் முன்னால். டார்லோ முழுவதும் நேராகப் பாய்கிற மாதிரி முறைத்துக்கொண்டு நின்றது. தடியனின் விரல்கள் செக்கச்சிவப்பு. ஏமாற்று! ஆரினுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அவனுக்கு அந்த விரல்கள் தெரியவில்லை.

நான் எழுந்துவிட்டேன். வாயும் திறந்துவிட்டது. 'மறுபக்கம்டா' என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது.

லிண்ட்வால் அசையவில்லை. கண்ணால் மட்டும் கெஞ்சினார். இந்தப் பெஞ்சிலிருந்து யார் கத்தினாலும் அவர் கதை முடிந்தது. நான் தொப்பென்று உட்கார்ந்து, கைகளை அடியில் திணித்துக்கொண்டு, சால்வையைக் கடித்தேன். பந்து மறுபக்கம் போயிற்று. தோற்றோம்.

நடுவரும் முதல்வரும் கில்டேயும் வந்து நின்றார்கள்.

"ஹெட்டி, கடவுளுக்குப் பொதுவாச் சொல்லு. சைகை காட்டினாரா?" என்றார் முதல்வர்.

"இல்ல ஐயா. கல்லு மாதிரி உக்காந்திருந்தார். காட்டுறவரா இருந்தா இப்படித் தோப்பாரா?"

"அப்ப இவ்வளவு நேரம் அந்தப் பையனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் கில்டே.

"என்னை இவரைப் பாக்கத்தானே உக்கார வச்சீங்க? பாத்தேன். உங்க பிள்ளைங்களைப் பாக்கறது உங்க வேலை."

நடுவர் சிரித்துவிட்டார். முதல்வர் முகம் சுளித்து, புகார் தள்ளுபடி என்றார். போகிறவர் திரும்பினார்.

"நீ எதுக்குக் கை மேல உக்காந்திருக்க?"

"குளிருது ஐயா."

அவர்கள் போன பிறகு கைகளை வெளியே எடுத்தேன். விரல் பத்தும் வெளுத்திருந்தன. லிண்ட்வால் அவற்றைத்தான் முதலில் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யார்கிட்டயாவது சொல்லுவீங்களா அம்மா?"

"டோனட் உண்டா?"

தன் தொப்பியை என்னிடமிருந்து வாங்கித் தலையில் அழுத்திக்கொண்டார். தோல்வியைவிட அந்தக் கேள்வி அவருக்கு வலித்ததென்று நினைக்கிறேன்.

"ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றார்.