எலுமிச்சைமேல் அத்தி

1
அன்று பால்கனியில் இருந்தவர்கள் நான்கு பேர்: பெரியவர், அவருடைய மகள், லிஃப்ட் பழுதுபார்க்கும் மருமகன், பெரியவரின் தம்பி. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. ஆனால் நேரில் பார்த்ததுபோல உறவில் பலர் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு காதுக்கு வந்ததால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் வீட்டு விஷயம் வாசல் தாண்டாது.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மறைந்த மனைவி தொட்டியில் வளர்த்த எலுமிச்சையின் தலையில் மருமகன் அத்தியை ஏற்றிய நாளிலிருந்து, பெரியவர் அவரோடு முகம்கொடுத்து—'

அடித்துவிட்டேன். பொய்யில்லை, ஆனால் பாதிதான்.

(போன்சாய் அறியாதவர்களுக்கு: அத்திக்கன்றின் நீண்ட வேர்களை இன்னொரு குட்டிமரத்தின் தண்டில் வழியவிட்டு, துணிநாடாவால் சுற்றிக் கட்டுவார்கள். வேர்கள் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளிருப்பதை இறுக்கும். உள்மரம் சாகப் பல வருடம் ஆகும். எங்கள் எலுமிச்சை எட்டே மாதத்தில் பட்டுப்போனது.)

எலுமிச்சையின் தண்டு ஏற்கெனவே பிளந்திருந்தது. "அத்தி வேரு தாங்கிப் பிடிச்சுக்கும் மாமா. அத்தையோட மரம் இன்னும் நாலஞ்சு வருஷம் நிக்கும்" என்றுதான் மருமகன் கட்டினார்.

3
இவ்வளவு நல்ல மருமகனை நீங்கள் நம்புவீர்களா? ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன்: குளிக்கும்போது பாடுவார். சகிக்காது.

பெரியவர் வாய் ஓயாமல் அத்தியைத் திட்டுவார். மருமகன் வேலைக்குப் போனதும் அதனருகே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். நாடாவுக்கு வெளியே வெள்ளையாக எட்டிப்பார்க்கும் புது வேரைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்ப்பார். போகும்போது ஒரு தம்ளர் தண்ணீர். அத்தி எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். எலுமிச்சைக்கு வேர் அழுகிவிடும். இது அவருக்குத் தெரியாது. மருமகன் காலையிலேயே அளந்து ஊற்றிவிட்டார் என்பது—

தெரியும்.

4
அன்று பால்கனியில் தம்பி ஒரு கிளையை ஒடித்துப் பார்த்தார். "அண்ணே, அண்ணி வச்ச மரம் சுள்ளியாப் போச்சு. எல்லாம் உங்க மாப்பிள்ளையோட கைவரிசை."

"சித்தப்பா, வார்த்தைய பாத்துப் பேசுங்க. அப்பா, நீங்களாவது வாயத் திறங்களேன்!" என்றாள் மகள்.



மருமகன் மண்ணில் விரலை விட்டார். சொதசொதவென்றிருந்தது. தொட்டிக்குப் பின்னால் பெரியவரின் தம்ளர். யாரும் பார்க்கும்முன் அதைத் தன் வேலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என் தப்புதான், சின்ன மாமா. தண்ணி கூடுதலா ஊத்திட்டேன்."

"லிஃப்ட் கயிறு பிடிக்கிற கைக்குத் தண்ணி அளவு எங்க தெரியப்போகுது!"

மருமகன் சிரித்துக்கொண்டார். பெரியவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

5
பெரியவர் மருமகனைக் கட்டிக்கொண்டு அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. எலுமிச்சை துளிர்ப்பதாக இன்னொன்று. பட்டது பட்டதுதான், அத்தி அதை இன்னும் விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை தம்ளர் கழுவி அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்தபின் மாமனாரும் மருமகனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை உங்களிடமே விடுகிறேன். ஒன்றை மட்டும் விடமாட்டேன்.

மாமியார் வைத்த மரத்தை மருமகன் கொன்றுவிட்டார் என்கிறார்கள். இல்லை. தண்ணீர் ஊற்றியது நான்.