பாட்டில் வந்த முயல்

லீவா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாட்டில் முயல் வரக்கூடாது.

டென்மார்க்கில், பதின்வயதுப் பிள்ளை தேவாலயத்தில் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் சடங்கின் விருந்தென்றால் உறவுக்காரர்கள் பிள்ளையைக் கேலி செய்து பாட்டுக் கட்டுவார்கள். பிள்ளை உட்கார்ந்து சிரிக்க வேண்டும். தொலைத்த கோட்டுகளும், அடுப்பில் கருகிய உருளைக்கிழங்கும், பேருந்தில் விட்டுவந்த கிளாரினெட்டும் வரும் என்று அவளுக்குத் தெரியும். வரட்டும். வைத்தியர் அவளுடைய மறதிக்கும் பரபரப்புக்கும் ஒரு பெயர் சொல்லி மாத்திரையும் கொடுத்திருந்தார். வீட்டில் அதற்கு இன்னும் பழைய பெயர்தான்: அலட்சியம்.

அவள் வளர்த்த முயலின் கதை வேறு. கூண்டைச் சாத்த மறந்தவள் அவள். நரி மிச்சம் வைத்ததைப் புல்லிலிருந்து பொறுக்கியவளும் அவள்.

"பாட்டு எழுதற அத்தைகிட்ட அத மட்டும் சொல்லிடாதம்மா."

"சொல்லுவேனா? நீ உன் நன்றியுரைய இன்னொரு தடவ சொல்லு, கேப்போம்."

விருந்தன்று ஊர்மன்றத்து மேசைகளில் சின்னச் சின்ன டென்மார்க் கொடிகள். கறித்தட்டுகளை எடுத்ததும், அப்பாவின் அக்கா கிர்ஸ்தன், நாடா கட்டிய பாட்டுத் தாள்களை எல்லோருக்கும் கொடுத்தாள்.

"சத்தமா பாடணும்! இன்னிக்கு மாட்டிக்கிட்டா!"

கோட்டு வந்தது. சிரித்தாள். கிளாரினெட் வந்தது. சிரித்தாள்.

*கூண்டைத் திறந்து வைத்தாள் லீவா,*
*நரியாருக்கு விருந்து வைத்தாள் லீவா!*

மேசையைத் தட்டிப் பாடினார்கள். சித்தப்பா தலைமேல் இரு விரல் நீட்டிக் குதித்தார்.

லீவா அம்மாவைப் பார்த்தாள். பாடிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றது.

"ஐயோ... அத்தை போன்ல கேட்டுக்கிட்டே இருந்தாளா, வாய்ல வந்துடுச்சு. நீ சொன்னது மறந்தே போச்சுடி. வேணும்னு செய்வேனா?"

வேணும்னு செய்வேனா. முயல் செத்த காலையில் லீவா அழுதுகொண்டே சொன்னதும் அதுதான். அதற்கு அம்மா அன்று சொன்னாள்: "மனசுல இருந்தா மறக்காதுடி."

அப்பா கோப்பையைக் கரண்டியால் தட்டினார். "பாத்தீங்களா, பாட்டு முடியிற வரைக்கும் என் பொண்ணு அசையாம உக்காந்துட்டா! எழுந்து நன்றி சொல்லும்மா."

எழுந்தாள். போதகருக்கு, அப்பாவுக்கு, அத்தைக்கு, பரிசு தந்தவர்களுக்கு. தாளைப் பார்க்கவில்லை, தடுமாறவில்லை. கைதட்டினார்கள்.

உட்கார்ந்ததும் அம்மா அவள் முழங்கையைத் தடவினாள்.

"என்னைப் பத்தின வரிய விட்டுட்டியே. மறந்துட்டியா? பரவால்ல, உன்னப் பத்தித் தெரியாதா எனக்கு."

லீவா மேசையில் சாய்ந்திருந்த கொடியொன்றை நிமிர்த்தி வைத்தாள்.

"ஆமாம்மா. மறந்துட்டேன்."