உட்கார்ந்த வாக்கில்

“கைய எடுங்க மாமா!”

கார்குழலி போட்ட சத்தத்தில் கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஒப்பாரி நின்றது. கட்டிலின் மேல் குனிந்து, அவள் தம்பி செம்மலின் முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்த இராமதாஸ் மாமா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“வெறைச்சிப் போறதுக்குள்ள கால நீட்டணும்மா. இல்லன்னா பாடையில எப்பிடிப் படுக்க வெக்கிறது?”

“அவன் வெறைச்சிப் போயி எத்தினியோ வருஷம் ஆச்சி மாமா.”

காலையில் கஞ்சி ஊட்டும்போதே தம்பிக்கு மூச்சு இழுத்தது. விலாவைச் சுற்றியும் எலும்பு வளர்ந்து, நெஞ்சு விரிய இடமில்லாமல் போய் வெகுநாளாகிறது. இந்த முறை சளியை இருமித் துப்பக்கூட அவனால் முடியவில்லை. ஆம்புலன்ஸ் மூலக்குளத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அடங்கிவிட்டான்.

ஐந்து வயதில் முதுகில் ஒரு வீக்கம் வந்தது. கட்டி என்று அறுத்தார்கள். அறுத்த இடத்தில் எலும்பு முளைத்தது. எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, உருவிய இடமெல்லாம் எலும்பு. சதை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு வளரும் நோய் இது, பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் வரும், எங்கேயும் இடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னபோது கழுத்தும் தோளும் பூட்டிக்கொண்டிருந்தன. பல்வலிக்குப் போட்ட ஊசியில் பிறகு தாடையும் பூட்டிக்கொண்டது. தெருவில் பந்து விழும் சத்தம் கேட்டாலே கார்குழலி ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்துவாள். கல்யாணமாகிப் போன வீட்டிலும் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

இடுப்பு இறுகத் தொடங்கியபோது அதே டாக்டர் கேட்டார், நின்ற வாக்கிலா, உட்கார்ந்த வாக்கிலா என்று. ஒருமுறை இறுகிவிட்டால் மாற்ற முடியாது. பத்தொன்பது வயதுப் பையன் ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு, கடித்த பல் கடித்தபடியே அக்காவிடம் சொன்னான்.

“ஒக்காந்துடறேன்க்கா. நேரா இருந்தா மல்லாக்கப் படுத்து மோட்டுவளையத்தான் பாத்துனு கெடக்கணும். ஒக்காந்தா வர்றவங்க மூஞ்சியாவது தெரியும்.”

அப்படித்தான் உட்கார்ந்தான். தலையணைகளில் சாய்ந்தபடி, அசையும் இரண்டு விரலால் போனில் ஊராருக்குக் கல்யாண பேனர் செய்து கொடுத்தான். போன மாதம் சளி முற்றியிருந்தபோது அவளைக் கூப்பிட்டான்.

“நான் போனப்பறம் என்ன ஒடைச்சிடாதீங்கக்கா. வலிக்காதுன்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

இப்போது மாமா அதையேதான் சொன்னார். “உசுரு போன ஒடம்புக்கு வலி ஏதும்மா? ரெண்டு ஆளு புடிச்சா ஒரே அமுக்கு. ஊரு பாக்குது, பையன ஒழுங்கா அனுப்ப வேணாமா?”

வாசலில் நின்ற இரண்டு ஆட்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். திடமான கைகள். கார்குழலி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளித்துவிட்டு வரச் சொன்னார்கள், போகவில்லை. ஒருவாய் காபி குடிக்கச் சொன்னார்கள், கையை எடுக்கவில்லை. அம்மா செல்வாம்பாள் மட்டும் ஒன்றும் பேசாமல் மகனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மா யார் பக்கம் என்று தெரியாததுதான் கார்குழலிக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. மாமா அம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். அவர் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

“பீரோல புது வேட்டி இருக்குது, எடுத்தா” என்றாள் அம்மா.

கார்குழலி தயங்கித் தயங்கி உள்ளறைக்குப் போனாள். பீரோவில் சாவியைப் போட்டுத் திருகினாள்.

மடக்!

சாவியை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

வாசலில் ஓர் ஆள் பாடைக்கு மூங்கிலை முறித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் அம்மா, மகனின் முழங்கால்களின் மேல் கவிழ்ந்து விழுந்து, இரண்டு கையாலும் அவற்றை இறுகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது மூங்கில் என்று தெரிந்திருக்கவில்லை.

“நீ போயி வேட்டிய எடுத்தா” என்றாள் முகத்தை எடுக்காமல். “நான் இருக்கறேன்.”

மாமா தங்கையைப் பார்த்தார். பிறகு தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். முறித்த மூங்கில்களை வாங்கிச் சாய்த்து வைத்து, நாற்காலி மாதிரி முதுகு தாங்கும்படி அவரே கயிறு போட்டுக் கட்டினார்.

வண்டி புறப்பட்டபோது கார்குழலியும் ஏறினாள்.

“பொம்பளைங்க வர்றதில்லம்மா.”

“நான் வருவேன் மாமா.”

வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் தம்பியின் பிடரிக்கும் மூங்கிலுக்கும் நடுவில் கையைக் கொடுத்தாள். கல்யாணமாகாதவன் என்பதால் புதைப்பதாக முடிவாகியிருந்தது. குழி நீளமாக, படுக்கிறவனுக்கு வெட்டியதாக இருந்தது. ஆழம் போதவில்லை. இரண்டு ஆட்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பார்வை செம்மலின் காலுக்குப் போனதும் கார்குழலி குறுக்கே வந்து நின்றாள்.

“மண்வெட்டியக் குடு” என்றார் மாமா.

அறுபது வயது மனிதர் குழிக்குள் இறங்கி, சட்டை நனைய வெட்டினார். மற்றவர்களும் இறங்கினார்கள். வெயில் ஏறியது. ஒருவழியாக, செம்மலை உட்கார்ந்த வாக்கிலேயே உள்ளே இறக்கினார்கள். முகம் கிழக்கே பார்த்திருந்தது.

“மண்ணு போடுங்க” என்றார் யாரோ.

கார்குழலி ஒரு கை மண் அள்ளினாள். செம்மண், வெயிலில் காய்ந்து கட்டிகட்டியாக இருந்தது. கை குழிக்கு மேல் போய் நின்றுவிட்டது. எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் குழியோரம் உட்கார்ந்து, கட்டியை விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கத் தொடங்கினாள். மாவாக உதிர்ந்ததும் மெல்ல உள்ளே விட்டாள். அடுத்த கட்டியை எடுத்தாள்.

மண்வெட்டியால் வாரப்போன ஆளை மாமா கை காட்டி நிறுத்தினார். எதிர்ப்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.