ஸ்மெதனாவுக்கு ஒரு கால்

1

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. புளித்த பாலேட்டுக்கு ஸ்லாவிய மொழிகளில் வழங்கும் சொல்லைப் பற்றி உள்ளூர் இதழுக்கு நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை இது. இரண்டாம் பத்தியில் ஒரு கல்யாணம் நின்றுபோனதால் கதையாகிவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: மொராவா ஆற்றின் மேல் பனி கவிந்திருந்த அந்த... (வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

தொடக்கம் இரண்டு: ஆற்றின் மேற்குக் கரையில், செக் பக்கம், பொஹுமில் பால்கடை வைத்திருந்தார். மனைவியை இழந்தவர். கிழக்கே ஸ்லோவாக் பக்கம் ஜெல்மீரா பாலேடு புளிக்கவைத்து விற்றார். கணவனை விலக்கியவர். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கடையையும் வாழ்க்கையையும் ஒன்றாக்க முடிவு செய்தார்கள். வினை பெயர்ப்பலகையில் வந்தது. புளித்த பாலேடு பொஹுமிலுக்கு ஸ்மெதனா, ஜெல்மீராவுக்கு ஸ்மொதனா. தமிழில் எழுதினால் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.

3

மொழிபெயர்ப்பாளன் என்று என்னிடம் தீர்ப்புக்கு வந்தார்கள்.

நான் படித்ததைச் சொன்னேன். பாலின் மேல் திரண்டதை வழித்துக் கூட்டுவார்கள் அல்லவா, அந்தக் ‘கூட்டு’க்கான பழைய ஸ்லாவியச் சொல் ‘மெத்’தான் வேர் என்கிறார்கள். ‘கூட்டப்பட்டது’ என்ற செயப்பாட்டுச் சொல் நாளடைவில் பெயராக நின்றுவிட்டது. யார் கூட்டினார் என்று அது சொல்லாது. இலக்கணத்தில் பெண்பால். (பால் பொருளுக்குப் பெண்பால். இந்தச் சிலேடை உங்களுக்கு மட்டும், அவர்களுக்கு எடுபடாது.)

"அப்போ எங்களுதுதான் வேருக்குக் கிட்ட," என்று சிரித்தார் பொஹுமில். "உங்க ஊர்ல யாருக்கோ நாக்கு சுளுக்கிடுச்சு."

ஜெல்மீரா எழுந்தார்.

"இன்னைக்கு என் எழுத்து சுளுக்கு. நாளைக்கு என் சமையல் சுளுக்கு. அப்புறம் நானே சுளுக்கு. கூட்டப்பட்டதாம்! என்னை யாரும் வழிச்சு உங்க சட்டியில போடல. நானா வரேன்னு சொன்னேன். இப்ப வரல."

4

(இவ்வளவு நீளமாகவா பேசுவார் என்று எனக்கே சந்தேகம். பிறகொரு நாள் எழுதியதை அவரிடம் காட்டினேன். "இன்னும் நாலு வார்த்தை திட்டினேனே, அதை ஏன் விட்டே?" என்றார்.)

5

ஒன்பது நாள் பொஹுமில் பால் கேட்டவர்களுக்கு மோரைக் கொடுத்தார். பத்தாம் நாள் காலை என் காரில் ஏறி உட்கார்ந்தார்.

"பாலத்தைத் தாண்டுய்யா."

ஜெல்மீரா கதவைத் திறந்ததும், பொஹுமில் சவரம் செய்த முகம் சிவக்க, பள்ளிப் பிள்ளைபோல் அந்தச் சொல்லை ஸ்லோவாக் உச்சரிப்பில் சொன்னார்:

"ஒரு கிண்ணம் ஸ்மொ... ஸ்மொதனா கிடைக்குமா?"

ஜெல்மீரா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாத்து, நாக்கு சுளுக்கிக்கப் போகுது," என்றார். "உள்ள வாங்க."

6

முடிவு அ: பலகையில் இரண்டு சொல்லையும்... (பலகை அவ்வளவு அகலமில்லை.)

முடிவு ஆ: பொஹுமில் பெருந்தன்மையோடு தன் எழுத்தை... (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

கல்யாணம் நடந்தது; அதை மறைக்கமாட்டேன், சாட்சிக் கையெழுத்தே என்னுடையதுதான். பலகையில் எந்த எழுத்து ஏறியது என்பதை மட்டும் கேட்காதீர்கள். எனக்கு இரண்டு கரையிலும் சாப்பிட்டாக வேண்டும். உங்கள் வாயில் எது வருகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். ஜெல்மீரா கேட்டால், நான் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்லிவிடாதீர்கள்.