கடைக்குள் ஆறடி இரண்டங்குலம்

மருந்துக்கடைக்குள் என் உயரம் ஆறடி இரண்டங்குலம். வெளியே ஐந்தடி இரண்டங்குலம். இடையில் இருக்கும் ஓரடி முதலாளிக்குச் சொந்தம். ஒரு மழையில் தண்ணீர் உள்ளே புகுந்து கீழ்த்தட்டு இருமல் மருந்துகளையெல்லாம் நாசம் செய்துவிட்டது. அதனால் கவுண்டருக்குப் பின்னால் மட்டும் சிமெண்ட் போட்டுத் தரையை உயர்த்திவிட்டார். கவுண்டரையும் அதற்கேற்ப ஏற்றி, முன்பக்கம் பலகை அடித்தார். வெளியே நிற்பவர்களுக்கு மேடை தெரியாது. நான்தான் தெரிவேன்.

பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்த்துப் பதினாறு வருடம் ‘அரை டிக்கெட்’ என்ற ஒரே பெயரில் வாழ்ந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருவர் அண்ணாந்து பார்த்து, “உனக்கென்ன தம்பி, ஸ்டூலே வேண்டாம், மேல்தட்டுல இருக்கறத அப்படியே எடுத்துடலாம்” என்றார். வீடு போய்ச் சேரும்வரை அந்த வாக்கியத்தைச் சப்பிக்கொண்டே நடந்தேன்.

அதற்கு முன்பு ஜோடி தேடித் தரும் செயலி ஒன்றில் இருந்தேன். உயரம் என்ற கட்டத்தை நிரப்பாவிட்டால் அது அடுத்த பக்கம் போக விடாது. உண்மையைப் போட்டேன். மூன்று மாதம் என் செல்போன் மௌன விரதம் இருந்தது. ஐந்தடி ஒன்பது என்று திருத்தினேன். அன்று மாலையே ஒருத்தி வணக்கம் சொன்னாள். நேரில் போய் அவளுக்கு எதிர் நாற்காலியை இழுத்தபோது, “சாரி, இங்க ஒருத்தர் வராரு” என்றாள். “அந்த ஒருத்தர் நான்தான்” என்றேன். நல்ல பெண். பாதிக் காபி தீரும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, வீட்டில் தேடுவார்கள் என்று எழுந்துகொண்டாள். எண்பத்தொரு சதவீதம் இருந்தது. எண்களைச் சரியாகப் படிப்பது என் தொழில்.

இந்த நிலையில்தான் அவள் வந்தாள். எதிர்ச் சாரியில் உள்ள பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைக்காக வந்தவள், பிறகு தலைவலிக்கு வந்தாள், பிறகு பஞ்சுக்கு வந்தாள். பஞ்சு அவர்கள் கூடத்திலேயே மூட்டை மூட்டையாக இருக்கிறது. பருமனான பெண். வேறு யாரும் சொல்வதற்குள் அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

“உங்க வெயிட் மெஷின்ல நான் ஏற மாட்டேன் சார். அப்புறம் கடைக்கு நஷ்டம்” என்பாள். சொல்லிவிட்டு நான் சிரிக்கிறேனா என்று ஒரு கணம் பார்ப்பாள். நான் சிரிக்கவில்லை. ரத்தம் கொடுக்க வரும் குழந்தைகள் அவளிடம் மட்டும் அழுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொன்னேன். அவளுக்குக் காது சிவந்துவிட்டது.

அடுத்த வாரம் எனக்குப் பெயர் வைத்தாள்.

“என்ன ஒட்டகச்சிவிங்கி சார், மேல காத்து எப்படி?”

“சுமாரா வருது. கீழ என்ன சேதி?”

“கீழ ஒரே நெரிசல். ஊரே சர்க்கரையோட அலையுது.”

என்னை வாழ்க்கையில் முதன்முறையாக ஒருத்தி ஒட்டகச்சிவிங்கி என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் எப்படி இறங்குவேன்?

அவள் டீ குடிக்கக் கூப்பிட ஆரம்பித்தாள். கூடத்தை ஒட்டியே டீக்கடை. ரோட்டைக் கடந்தால் போதும், பத்து நிமிட வேலை. ஸ்டாக் எடுக்கணும் என்றேன். முதலாளி வெளியூர் என்றேன். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றேன். அந்த ஒரு மாதத்தில் எங்கள் கடைக்குப் பதினோரு இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள், எல்லோருமே என் வாய் வழியாக. மாலையில் அவள் பஸ் ஏறுவதைக் கவுண்டரிலிருந்து பார்த்த பிறகுதான் நான் படியிறங்கி வீட்டுக்குக் கிளம்புவேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினை நிறுத்தவில்லை.

“ஓரடிதானேடா. இறங்கிப் போய்ப் பக்கத்துல நில்லு. பிடிக்கலேன்னா போகட்டும்.”

“அவ பாத்தது ஆறடி ஆளை, அக்கா.”

“அவ பாத்தது இடுப்புக்கு மேல. கீழ் பாதியை நீயே தச்சு விட்டிருக்கே. எவ்வளவு நாளைக்கு ஓட்டுவே?”

உள்ளுக்குள் இரண்டங்குலம் ஒளித்து வைத்த ஷூ ஒன்றை வாங்கினேன். மீதிப் பத்து அங்குலத்துக்கு எந்தக் கடையிலும் சரக்கு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

“திங்கக்கிழமையிலேர்ந்து என்னை இன்னொரு கிளைக்கு மாத்திட்டாங்க. இந்தப் பக்கம் வர வேலையே இருக்காது. இன்னிக்காவது ஒரு டீ?”

“இன்னிக்கு ஸ்டாக்...”

“ஸ்டாக்கா, இன்ஸ்பெக்டரா?”

நான் மாத்திரை அட்டைகளை நேராக அடுக்கினேன். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

“ஒண்ணு கேக்கட்டுமா? மறைக்காம சொல்லணும்.”

“கேளுங்க.”

“என்கூட வெளிய நிக்க உங்களுக்குக் கூச்சமா இருக்கா?”

அவள் அவசரமாகத் தொடர்ந்தாள்.

“தப்பா கேக்கல. எனக்கு இது பழக்கம்தான். மொகம் மட்டும் தெரியற போட்டோ போட்டா தேனா பேசுவாங்க. முழுசா ஒண்ணு அனுப்புன்னு கேப்பாங்க. அனுப்புவேன். அதோட ஆளைக் காணோம். நீங்க ஒருத்தர்தான் மொதல்லயே என்னை முழுசா பாத்துட்டுப் பேச ஆரம்பிச்சீங்க. அதான் இந்த ஆளுக்கு அதெல்லாம் இல்லபோலன்னு நெனச்சிட்டேன்.”

நான் குள்ளம். இரண்டே சொற்கள். நாள் முழுக்க எவ்வளவோ நீளமான மருந்துப் பெயர்களைத் தடுமாறாமல் சொல்கிற வாய் என்னுடையது.

“அப்படியெல்லாம் இல்லீங்க. கடையில ஆள் இல்ல, அதான்” என்றேன்.

நான் செய்ததைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் தன்னைப் பார்க்கச் சகிக்காதவள் என்று நினைத்துக்கொண்டு போவது ஒன்று. என்னைக் குள்ளன் என்று தெரிந்துகொண்டு போவது இன்னொன்று. நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். யோசிக்க இரண்டு நொடிகூட ஆகவில்லை.

“சரி” என்றாள். “உடம்பைப் பாத்துக்குங்க.” யாருக்கும் சொல்கிற வார்த்தை.

ரோட்டைக் கடந்து போய் அந்த டீக்கடையில் தனியாக நின்று குடித்தாள். மடித்த கோட்டை வயிற்றுக்கு முன்னால் பிடித்திருந்தாள். அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்ததும் சுவர்ப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டாள். நான் ஒரு காலைப் படியில் வைத்தேன். அப்போது ஒருவர் வந்து வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கேட்டார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். நன்றியோடு மேலே ஏறினேன். மாத்திரையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், டம்ளர் மட்டும் இருந்தது.

அவள் நம்பர் என்னிடம் இருந்தது. ‘நான் குள்ளம்’ என்று ஒரு மாதமாகத் தட்டச்சு செய்து அழித்துக்கொண்டிருந்தேன். சில நாட்கள் பக்கத்தில் சிரிக்கிற பொம்மையைப் போட்டுப் பார்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் அழித்தேன்.

போன புதன்கிழமை அவளுடைய அப்பா வந்தார். சீட்டிலிருந்த பெயரைப் பார்த்துத்தான் அவர் என்று தெரிந்தது. என் உயரம். கடைக்குள் உள்ள உயரமல்ல, சொந்த உயரம். கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

“பொண்ணு வேற கடைக்குப் போகச் சொன்னா தம்பி. எனக்கு முட்டி வலி, பஸ்ஸை விட்டு இறங்கினா இதுதான் பக்கம், அதான் இங்கயே வந்துட்டேன்.”

அவருடைய மாத்திரையோடு இன்னொரு சீட்டும் நீட்டினார். சத்து டானிக். அவள் பெயருக்கு.

“என்னாச்சு?” என்றேன்.

“ஒரு மாசமா ராத்திரி சாப்பிடறதே இல்ல. பகல்ல ஒரு ஆப்பிள். கேட்டா எரிஞ்சு விழறா. போன வாரம் வேலை செய்யற எடத்துல தலை சுத்தி விழுந்துட்டா. நெத்தியில மூணு தையல். டாக்டர் சாப்பிடச் சொல்லித்தான் இதை எழுதினாரு. நாங்க சொன்னா அவ எங்க கேக்கறா?”

பாட்டிலை எடுத்துக் காகித உறையில் போட்டேன். உறையின் மேல் வேளையை எழுதுவது என் வேலை. ‘இரவு, சாப்பிட்ட பிறகு’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

“வெறும் வயித்துல குடிச்சா இது வேலையே செய்யாது. நல்லா சாப்பிட்டாத்தான் பிடிக்கும்னு சொல்லுங்க” என்றேன். அது பொய். எப்போது குடித்தாலும் பிடிக்கும்.

“யாரு சொன்னதுன்னு கேப்பாளே. உன் பேர் என்ன தம்பி?”

“மருந்துக்கடைக்காரர் சொன்னார்னு சொல்லுங்க, போதும்.”

அவர் உறையை வாங்கக் கையை உயர்த்தினார். எட்டவில்லை. நான் மேலிருந்தபடியே நன்றாகக் குனிந்து கொடுத்தேன்.