மூன்று நாள் வழக்கமான சாப்பாடு

நெட்டை அண்ணனின் மனைவி வந்து நின்றபோது நான் ரத்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை மதியம். எங்கள் மருத்துவ அறை துறைமுகத்தின் வாசலை ஒட்டி இருக்கிறது. லாரிகள் போகும்போதெல்லாம் மேசையில் குழாய்கள் கிணுகிணுக்கும். அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலப் பேசினாள்.

"அக்கா, நாளைக்கு அவருக்குச் சக்கரை டெஸ்ட். நீங்கதானே எடுப்பீங்க?"

"நான்தான்."

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து சோத்தைத் தொடல. வெள்ளரிக்காயும் அவிச்ச முட்டையும்தான். ரொட்டி வாசனை வந்தா எந்திரிச்சு வெளிய போயிடுறார். மனுஷன் பாதியாயிட்டார். இது சரிதானான்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னார்."

சரி இல்லை. கொஞ்சமும் சரி இல்லை. இந்த டெஸ்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வதே இதைத்தான். முந்தின மூன்று நாளும் எப்போதும் போலச் சாப்பிடுங்கள், கடைசி ராத்திரி மட்டும் வயிற்றைக் காயப்போடுங்கள் என்பேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சந்தோஷம். கேட்காவிட்டாலும் சொல்வேன். இங்கே வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்போம். பிறகு எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டு மணி நேரம் கழித்தும் எடுப்போம். வந்த சர்க்கரையை உடம்பு எவ்வளவு சீக்கிரம் இறக்கி வைக்கிறது என்பதுதான் கேள்வி. நான்கு நாள் மாவுப் பொருளே உள்ளே போகவில்லை என்றால் உடம்பு என்ன செய்யும்? கப்பலே வராத துறைமுகத்தில் எதற்கு ஆட்கள் என்று இறக்குகிறவர்களை எல்லாம் லீவில் அனுப்பிவிடும். ஐந்தாம் நாள் காலையில் திடீரென்று ஒரு பெரிய கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினால் சரக்கு அப்படியே கிடக்கும். நல்ல உடம்புக்காரன்கூட நோயாளி மாதிரித் தெரிவான். துறைமுகத்து ஆட்களுக்கு இந்த உதாரணம் சட்டென்று புரியும். தலையை ஆட்டிச் சிரிப்பார்கள். நான் இதைச் சொல்லாமல் விட்ட ஆள் அன்றுவரை ஒருவரும் இல்லை.

"அவருக்குத் தெரியாததா" என்றேன். "சரின்னு பட்டதைச் செய்யட்டும்."

அவள் முகம் தெளிந்து போனாள். போகும்போது, "நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா இருக்கார் அக்கா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அந்தப் பாலையும் நான் ஊற்றி வைக்கவில்லை, பழத்தையும் நான் தள்ளவில்லை.

ஆறு வருடம் முன்னால் என் வீட்டுக்காரரும் நெட்டை அண்ணனும் நாலாம் நம்பர் கிரேனை ஷிஃப்ட் மாற்றி ஓட்டினார்கள். பதினாலு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு நாற்காலி. ஒரு நாள் மேலே இவருக்குத் தலை சுற்றியது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்து, சரியானதும் இறங்கி வந்தார். ஒரே ஒரு ஆளிடம் சொன்னார். அந்த ஆள் அன்று சாயங்காலமே மேனேஜரிடம் போய்ச் சொன்னார். கிரேன் ஓட்டுகிறவர்களுக்குச் சில வருடத்துக்கு ஒரு முறை வரும் சர்க்கரை டெஸ்ட் அடுத்த வாரம் இருந்தது; அதை மறுநாளே வைத்துவிட்டார்கள். இரண்டாம் மணி நேர எண் எல்லைக் கோட்டைத் தாண்டியது. ஒரு தடவை தாண்டினவரை மறுபடி கிரேன் ஏற்றுவதில்லை என்பது கம்பெனி விதி. அன்றிலிருந்து இவர் ஸ்டோர் ரூமில் கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கிறார். நெட்டை அண்ணன் நாலாம் நம்பரைத் தனியாக வைத்துக்கொண்டார். பிறகு நானே பயிற்சி எடுத்து ஊசி பிடித்து, இவருக்கு நான்கு தடவை டெஸ்ட் செய்துவிட்டேன். ஒரு தடவைகூட எண் கோட்டைத் தொடவில்லை. அந்த நான்கு சீட்டுகளையும் பீரோவில் வைத்திருக்கிறேன். இவர் ஒரு வார்த்தை திட்டினதில்லை. தெருவில் நெட்டையைப் பார்த்தால் நின்று பேசிவிட்டுக்கூட வருவார். இவர் திட்டாததையும் சேர்த்து நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே நெட்டை அண்ணன் வந்துவிட்டார். வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"என்ன தங்கச்சி, வலிக்காம எடுப்பியா, பழைய பாக்கியெல்லாம் சேர்த்து எடுப்பியா?"

"உட்காருங்கண்ணே."

படிவத்தில் நான் கேட்டு நிரப்ப வேண்டிய கேள்விகள் ஆறு. ஐந்தாவது, கடந்த மூன்று நாளும் வழக்கமான சாப்பாடு சாப்பிட்டாரா என்பது. இல்லை என்று குறித்தால் டாக்டர் டெஸ்ட்டை ஒரு வாரம் தள்ளி வைப்பார். மற்ற ஐந்தையும் கேட்டேன். ஐந்தாவதில் வாயைத் திறக்காமல் 'ஆம்' என்று டிக் அடித்தேன். பேனா நன்றாகவே எழுதியது.

முதல் ரத்தம் எடுத்துவிட்டு டம்ளரை நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "நாலு நாளா நாக்குல இனிப்பே படல. பட்டினி கிடந்தவனுக்கு மொத்த விருந்தையும் ஒரே டம்ளர்ல வெக்கிறியே." ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றேன். முடித்தார். நடக்கக் கூடாது, டீ குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. நடந்தால் தசை சர்க்கரையைத் தின்றுவிடும், எண் குறைந்துவிடும். அது மட்டும் நடக்காமல் நான் பார்த்துக்கொண்டேன். சிறுநீர் கழிக்க எழுந்தவரைக்கூட மெல்லப் போகச் சொன்னேன்.

"வீட்ல எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

"கையுறை குடுத்துட்டு இருக்கார். நீங்களும்தான் மாசாமாசம் போய் வாங்குறீங்களே."

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேர ரத்தத்தை எடுத்துப் பக்கத்து அறை மெஷினில் வைத்தேன். எண் வந்தது. நான் நினைத்ததைவிடப் பெரிய எண். அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை. திரும்பி வந்தால், அவர் வலியைப் பொறுக்கிறவர் மாதிரிப் பல்லைக் கடித்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசிவரை நெட்டை அண்ணனுக்கு ஏன் என்றே தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. தலைவிதி என்று நினைத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போவார். அங்கேயும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். எதனால் விழுந்தோம் என்று தெரியாமல் ஒருவன் விழுந்தால் அதில் எனக்கு என்ன இருக்கிறது?

இரண்டாம் மணி நேரம். பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி, சாம்பல் மூடிக் குழாயில் கடைசி ரத்தம் எடுத்தேன். அந்தக் குழாயின் அடியில் ஒரு பொடி இருக்கும். வெளியே வந்த பிறகும் ரத்தம் தன் சர்க்கரையைத் தானே தின்னும். அதை இந்தப் பொடிதான் தடுக்கிறது. பொடி கலக்கக் குழாயை எட்டு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். கவிழ்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன்.

"அண்ணே, ஒரு மணி நேர எண்ணே சொல்லிடுச்சு, நீங்க தோத்துட்டீங்க. ஏன்னு தெரியுமா?"

நான் நன்றாகவே சொன்னேன். ஆட்கள் லீவில் போன துறைமுகம், திடீரென்று வந்த கப்பல், கரையில் கிடக்கும் சரக்கு. எதையும் விடவில்லை. வழக்கம் போலச் சாப்பிட்டிருந்தால் ஜெயித்திருப்பார் என்பதையும், நேற்று அவர் மனைவி கேட்டபோதே எனக்கு இது தெரியும் என்பதையும் நிதானமாகச் சொன்னேன். கையைப் பஞ்சோடு மடக்கிக்கொண்டு அவர் கேட்டார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மெதுவாக எதையோ கூட்டிப் பார்க்கிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

"அப்ப அவரும் அப்படித்தானே தங்கச்சி?"

"யாரு?"

"உன் வீட்டுக்காரர். அந்த வருஷம் டெஸ்ட் வருதுன்னு ஒரு வாரம் மேல கேபின்ல வெள்ளரிக்காயும் முட்டையும்தானே தின்னார். நீதான் டப்பாவுல கட்டிக் குடுத்தே. எனக்கும் ரெண்டு துண்டு குடுத்தார். அதைப் பார்த்துத்தான் நானே இப்ப..." நிறுத்தினார். "தலை சுத்துதுன்னார். கீழ இருபது பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க. போய்ச் சொன்னது நான்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா டெஸ்ட்ல..."

மிச்சம் எனக்குத் தெரியும். சொல்லத் தேவையும் இல்லை. பயிற்சியின் இரண்டாம் மாதத்தில் வாத்தியாரம்மா பலகையில் இதே விஷயத்தைப் படமாகப் போட்டார். அந்த வகுப்பில் முதலில் புரிந்துகொண்டவள் நான்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், இவர் காதில் விழும்படி, "அந்த நெட்டை நல்லா இருப்பானா" என்று சத்தமாகக் கேட்டேன். அன்றைக்கு வேறெதையும் நான் இவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"இது அவருக்குத் தெரியுமா?" என்றார் நெட்டை அண்ணன்.

அவர் எழுந்து மேசை அருகே வந்து குனிந்து, படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தார். ஐந்தாவது வரியில் விரல் நின்றது. அந்த டிக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

வெளியே ஒரு லாரி போயிற்று. நான் இன்னும் குழாயைக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தேன். எட்டு எப்போதோ தாண்டிவிட்டது. உள்ளே ஒரு சின்னக் காற்றுக்குமிழி, ரத்தத்தைப் பிளந்துகொண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வந்துகொண்டிருந்தது.